ஐந்தாம் நாளுக்கு முன் சொல்லாதவள்

எங்கள் வீட்டில் சமையலுக்கு உப்புப் பார்க்க அத்தையைக் கூப்பிடுவதில்லை. "அக்கா கையில கரண்டிய குடுத்துடாதீங்க. உப்பு போதுமா போதாதான்னு அஞ்சு நாள் கழிச்சுதான் சொல்லுவா" என்று அப்பா தடுத்துவிடுவார். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டாள். "சொன்னா சரியா இருக்கும்ல" என்பாள். அவ்வளவுதான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நகரத்துச் சாக்கடை எல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், பெரிய தொட்டிகளைத் தாண்டினால் இரண்டு அறைகள் கொண்ட ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. படிப்பு முடிந்த கையோடு அங்கே வேலைக்குப் போனவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகள் தங்கள் கழிவுநீரை வாய்க்காலில் விடுவதற்கு முன்னால் அதில் ஒரு கேனை அங்கே அனுப்ப வேண்டும். அந்தத் தண்ணீர் எவ்வளவு கெட்டது என்று அத்தை எண்ணில் சொல்வாள். 'சாக்கடைக்கு நாடி பார்க்கிற டாக்டர்' என்பது அப்பா வைத்த பட்டம்.

அந்த வேலையை அவள் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். அழுக்குத் தண்ணீரில் கிருமிகள் இருக்கின்றன. அவை அழுக்கைத் தின்கின்றன. தின்னும்போது மூச்சு விடுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அதற்கு எடுத்துக்கொள்கின்றன. அழுக்கு அதிகமானால் தீனி அதிகம், தீனி அதிகமானால் மூச்சும் அதிகம். ஆகவே ஒரு பாட்டில் தண்ணீரை மூடி வைத்து, உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று பார்த்தால் அழுக்கின் அளவு தெரிந்துவிடும். அதற்கு ஐந்து நாள் ஆகும். அதை அவசரப்படுத்த எந்தக் கருவியும் உதவாது.

கழுத்து அகன்ற கண்ணாடி பாட்டில்கள், கண்ணாடியிலேயே அடைப்பான். ஒரு குமிழிகூட உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி அடைப்பானைச் சாய்த்து இறக்குவாள். வெளிக்காற்று புகாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தொப்பியும் போடுவாள். பிறகு பாட்டில்கள் இன்குபேட்டருக்குள் போகும். அது ஓர் அலமாரி மாதிரிதான். உள்ளே இருட்டு, எப்போதும் ஒரே குளிர்ச்சி.

அங்கே இரண்டு கட்டளைகள் உண்டு. மேசை துடைக்கும் கிருமிநாசினியை பாட்டில்களின் பக்கம் கொண்டுவரக் கூடாது. எலுமிச்சையும் மருந்தும் கலந்த மாதிரி வாசனை வரும் வெள்ளைத் திரவம் அது. ஒரு துளி பாட்டிலில் பட்டாலும் உள்ளே இருக்கும் கிருமிகள் செத்துவிடும். மூச்சு விட ஆள் இல்லாமல், சாக்கடைத் தண்ணீர்கூடச் சுத்தத் தண்ணீர் மாதிரிக் கணக்குக் காட்டும். இரண்டாவது கட்டளை, ஐந்தாம் நாளுக்கு முன் வாய் திறக்கக் கூடாது.

இரண்டாவதை யாரும் எழுதி ஒட்டவில்லை. அத்தை தனக்குத் தானே போட்டுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் மேற்பார்வையாளர் மூன்றாம் நாளே வந்து நின்றார். "சும்மா ஒரு அளவுக்குச் சொல்லுங்க மேடம், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." தண்ணீர் கலங்கலாகத்தான் வந்திருந்தது. "கொஞ்சம் கூடத்தான் வரும்போல" என்று அத்தை சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே தொட்டி பார்த்துக்கொண்டிருந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் பாட்டிலைத் திறந்தால் எண் வரம்புக்குள் இருந்தது. அந்த ஆள் எங்கே போனார் என்று அத்தை விசாரித்துப் பார்த்தாள். ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது வேலையோடு நிற்காமல் ஆளோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வரன் வந்தபோது பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். "இவ பாட்டிலத் திறக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு வேற இடத்துல முடிஞ்சுபோச்சு" என்று அப்பா சொல்லும்போது அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். வேறு வரன் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா அந்தக் கதைக்கு மட்டும் சிரிக்க மாட்டாள். பாத்திரம் எடுக்க உள்ளே போய்விடுவாள்.

அப்பா அத்தைக்கு நேர் எதிர். நினைத்ததை உடனே சொல்வார், சொன்னதை உடனே செய்வார், செய்ததைப் பாதியில் விட்டுவிடுவார். அச்சகம், தண்ணீர் கேன் வியாபாரம், வாடகை வண்டி, செல்போன் கடை என்று எதுவும் நிலைக்கவில்லை. தாய் இல்லாத தம்பியைத் தலைவாரி வளர்த்தவள் அத்தை. ஒவ்வொரு தடவை அவர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும்போதும் "சாப்பிட்டியாடா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

கடைசியில் பால் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டி பார்க்கும் வேலைக்கு அத்தைதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வாரம் ஒருமுறை அந்தத் தொட்டித் தண்ணீரைக் கேனில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. அத்தைக்கு அது உறுத்தியது. ஆபீசரிடம் போய், "சார், அந்த சாம்பிள் எடுத்துட்டு வர்றது என் தம்பி. வேற யாராவது பாத்தா நல்லது" என்றாள்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "வேற யாரும்மா இருக்கா? நீங்களும் நானும்தான். எனக்கு அடைப்பானே ஒழுங்காப் போட வராது. தண்ணிக்குச் சொந்தபந்தம் உண்டா என்ன? போங்க, போய்ப் பாருங்க."

பால் கழிவு கெட்ட கழிவு. வெள்ளையாக, பார்க்கச் சாதுவாக இருக்கும். புளித்துவிட்டால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். தொழிற்சாலைக்குப் பின்னால் குடியிருப்பவர்கள் தினமும் வாசலில் வந்து சண்டை போட்டார்கள். "என்ன சார், உள்ள பாலா பண்றீங்க, பொணத்த வேக வைக்கிறீங்களா?" என்று ஒரு அம்மாள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். அப்பாவின் முதல் சில மாத எண்கள் மோசமாக வந்தன. இந்த வேலையும் போய்விடும் என்று அம்மா பயந்தாள்.

பிறகு நாற்றம் நின்றது. எண்ணும் இறங்கியது. ஒரு வாரம் அல்ல, வாராவாரம் இறங்கியது.

அப்பா ஆளே மாறிப்போனார். மீசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டார். காலையில் நேரத்துக்குக் கிளம்பினார். "தொட்டின்னா அது ஒரு பச்சைக் குழந்தை மாதிரி. அதுக்கு எப்பப் பசிக்கும், எப்ப வயிறு சரியில்லன்னு நமக்குத் தெரியணும்" என்று சாப்பிடும்போது எங்களுக்குப் பாடம் நடத்தினார். "ஆமா, சொந்தக் குழந்தைக்கு ஜுரம் வந்தப்ப எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்று அம்மா வாரினாள். அதற்கும் சிரித்தார். அந்த வருடம் தொழிற்சாலை வாசலில் இருந்த கண்ணாடிப் பலகையில் அவர் படத்தை மாட்டி, கீழே 'சிறந்த பணியாளர்' என்று போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்று எட்டித்தான் பார்க்க முடிந்தது. "படத்துல கொஞ்சம் குண்டாத் தெரியறேன்ல?" என்றார். அத்தை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே சாம்பிளை அத்தை மூன்று பாட்டிலில் வைப்பாள். ஒன்றில் கழிவு நிறைய, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் கொஞ்சம். மீதியெல்லாம் காற்றேற்றிய நல்ல தண்ணீர். எதில் எவ்வளவு கழிவு என்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் தனியாக நின்றால், தனியாக நிற்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மற்ற இரண்டை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். குமிழி மாட்டியிருக்கலாம், அளக்கும் பிப்பெட் தவறியிருக்கலாம்; கைவேலைதானே.

பால் தொழிற்சாலைத் தண்ணீரில் முதல் இரண்டு பாட்டில்களும் குறைவான எண்ணைச் சொல்லின. கழிவு கொஞ்சமாக இருந்த மூன்றாவது பாட்டில் மட்டும் அதிகம் என்றது. அத்தை மூன்றாவதை அடித்தாள். அடுத்த வாரமும் அப்படியே வந்தது, அதையும் அடித்தாள். வேறு கம்பெனி சாம்பிளாக இருந்தால் மூன்றாம் வாரம் கை நின்றிருக்கும் என்று பின்னால் அவளே சொன்னாள். கண்ணாடிப் பலகையில் இருந்த முகம் அவள் கையைப் பிடித்து அடிக்க வைத்தது. அடிப்பதற்கு முறைப்படி ஒரு வழி இருந்தது, அவள் மனமும் அதையே விரும்பியது. இரண்டும் சேர்ந்துகொண்டதால் அவளுக்குத் தவறு செய்வதாகவே தோன்றவில்லை.

அப்பாவுக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு மாடிப்படி ஏறினால், பிறகு பேசினால். "பால்ல வேலை பாக்கறவனுக்குத் தொண்டை வறண்டா ஊர் சிரிக்கும்" என்று அவரே சிரித்தார். டாக்டர் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தை சிகரெட்டை விடு என்றாள். நிஜமாகவே விட்டுவிட்டார். அவர் பாதியில் விட்டதில் எல்லோரும் சந்தோஷப்பட்ட ஒரே காரியம் அதுதான். இருமல் மட்டும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குளியலறையில் கை கழுவப் போனவள் கதவுக் கொக்கியில் தொங்கிய அப்பாவின் வேலைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது என்னடா வாசனை?"

"சென்ட்டு. கம்பெனியில குடுத்தாங்க. நல்லா இருக்கா?"

"விளையாடாத. இது எங்க மேசை துடைக்கிற மருந்து."

"எங்க பாத்திரம் கழுவுற பக்கமும் அதுதான் ஊத்துவாங்க. அந்த வழியாத்தான் தினம் போயிட்டு வர்றேன். ஒட்டிக்கும்."

அத்தை அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"தொட்டியில எதுவும் ஊத்துறியா?"

அப்பா கையை இழுத்துக்கொண்டார். "நான் எதுக்கு ஊத்தணும்? வாராவாரம் நம்பரைப் போடுறது நீ. நீயே நம்பலைன்னா எப்படி? பாப்பா, உங்க அத்தைக்கு நான் ஒரு இடத்துல ஒழுங்கா இருந்தாலே சந்தேகம் வந்துடுது பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அத்தை சட்டையை மறுபடியும் கொக்கியில் மாட்டிவிட்டு, "கையில எண்ணெய் போடு. பெரிய டாக்டரா ஒருத்தரைப் பாரு" என்றாள்.

மூன்றாவது பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்று அன்று பஸ்ஸில் போகும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது. கழிவு நிறைய இருந்த பாட்டில்களில் மருந்தும் நிறைய இருந்திருக்கிறது, கிருமிகள் செத்திருக்கின்றன. மூன்றாவதில் மருந்து நீர்த்துப்போனதால் சில பிழைத்துத் தின்றிருக்கின்றன. உண்மையைச் சொன்ன பாட்டிலைத்தான் அவள் ஒவ்வொரு வாரமும் அடித்துக்கொண்டிருந்தாள்.

உறைத்ததே தவிர, உறுதி இல்லை. பாத்திரம் கழுவும் பக்கத்திலிருந்து குழாய் வழியாகக் கொஞ்சம் கசிந்து வந்திருக்கலாம். தம்பி சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் இடத்தில் தலை நிமிர்ந்து நிற்கிறவனிடம், 'நீ ஏமாற்றுகிறாய், அந்தத் தொட்டிப் பக்கம் போகாதே' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று ஆனால்? பிஸ்கட் கம்பெனியில் வேலை போன ஆளை அவள் மறக்கவில்லை. ஒரு தடவை சரியாக வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினாள்.

திங்கட்கிழமை அப்பா வழக்கம்போல் கேனோடு வந்தார். அத்தை இந்தத் தடவை மூன்றோடு நிறுத்தாமல், கழிவைக் குறைத்துக்கொண்டே போய் வரிசையாகப் பல பாட்டில்கள் வைத்தாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். அத்தை தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை தம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா, இன்னிக்கு ஒரு பட்டாளமே வைக்கிற? என் தண்ணிக்கு அவ்வளவு மவுசா?"

"ம்."

"எவ்வளவு வரும், சும்மா சொல்லேன்."

"சனிக்கிழமை சொல்றேன்."

"உன்னையெல்லாம் திருத்தவே முடியாது" என்று காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மதியம் தொட்டிக் கொட்டகையில் அப்பா மூச்சுவிட முடியாமல் கீழே விழுந்தார். வெயிலுக்குத் தகரக் கூரை கொதிக்கும், சன்னல் ஒன்றே ஒன்று, அதையும் நாற்றம் வெளியே போகக் கூடாது என்று அடைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் வேனில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது உயிர் இல்லை.

அத்தையும் நாங்களும் போய்ச் சேர்ந்ததும், என்ன வேலை பார்த்தார், எதையாவது சுவாசித்தாரா என்று டாக்டர் கேட்டார். கூட வேலை பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "ஒரு மருந்து ஊத்துவாருங்க. சூப்பர்வைசர்தான் குடுத்தாரு. நாத்தத்துக்கு நல்லதுன்னு. கடைசித் தொட்டியில காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. வெளிய சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தாங்க. அண்ணன் கையாலேயே கலக்குவாரு." வேனில் கிடந்த, அந்த மருந்து இருந்த காலி கேனையும் எடுத்து வந்து காட்டினார். அத்தை அதன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் மூடி, இறுக்கித் திருகி, சுவரோரமாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை காலையில் அத்தை தலையை முடிந்துகொண்டு செருப்பைப் போட்டாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். "தம்பிய எடுத்த மறுநாளே வேலைக்கா? என்ன மனசும்மா இது" என்று ஒருவர் அவள் காதில் விழும்படியே சொன்னார். அத்தை திரும்பவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், "பாப்பா, கூடப் போ. தனியா விடாத" என்றாள்.

பரிசோதனைக்கூடத்தில் ஆபீசர்கூட இல்லை. அத்தை இன்குபேட்டரைத் திறந்து பாட்டில்களைக் கழிவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு திரவங்களைப் பிப்பெட்டின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டு, மூடி, தலைகீழாகப் புரட்டினாள். முதல் பாட்டிலில் திரிந்த பால் மாதிரி எதுவோ உண்டாகிக் கீழே இறங்கியது. நல்ல அடர்த்தியான பழுப்பு நிறம். இரண்டாவதும் அதே பழுப்பு. போகப்போக நிறம் வெளுத்தது. கடைசிக்கு முந்தின பாட்டிலில் கிட்டத்தட்ட வெள்ளை. கடைசியில் கழிவே மிகக் குறைவு என்பதால் மறுபடியும் லேசான பழுப்பு.

"பழுப்புன்னா என்ன அத்தை?"

"ஆக்சிஜன் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். வெள்ளைன்னா எல்லாம் தீர்ந்துபோச்சு."

"அப்ப கழிவு நிறைய இருக்கிற இந்த பாட்டில்தான் நல்லதா?"

"இல்லம்மா. இதுல மூச்சு விட உயிரோட ஒண்ணுமே இல்ல."

அமிலம் விட்டதும் பழுப்பு கரைந்து பொன் நிறமானது. பியூரெட் என்ற நீளக் குழாயிலிருந்து வேறொரு திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டு, வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் சேர்த்து, நீலமான தண்ணீர் நிறமில்லாமல் போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதே நிதானம். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்பா திங்கட்கிழமை உட்கார்ந்திருந்த ஸ்டூல்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தெரியும்னு இல்ல. தோணுச்சு" என்று திருத்தினாள்.

எழுந்து பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ரிப்போர்ட்டில் அந்த எண்ணை அப்படியே எழுதினாள். அதோடு, இத்தனை மாதமாக அடித்த மூன்றாவது பாட்டில் எண்களையும் தேதி வாரியாகச் சேர்த்து, கொடுத்த முடிவுகள் தவறு என்றும் எழுதினாள். ஆபீசர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பழைய ரிப்போர்ட் எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதாம்மா இருக்கு. யோசிச்சுக்குங்க. இப்பத்தான் வீட்டுல ஒரு துக்கம். இதுவும் எதுக்கு?"

"என் கையெழுத்துங்கறதாலதான் சார்."

அவளை விசாரித்தார்கள், எச்சரித்தார்கள், பதவி உயர்வை நிறுத்தினார்கள். பால் தொழிற்சாலைக்கு நோட்டீஸ் போனது. சூப்பர்வைசரை மாற்றினார்கள். கொட்டகையில் சன்னலைத் திறந்துவிட்டார்கள். வாசல் பலகையிலிருந்து அப்பாவின் படத்தைக் கழற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டு அம்மா நேரில் போய்க் கேட்டு வாங்கிவந்தாள். அப்பாவுக்கு வேறு நல்ல படம் இல்லை. கீழே இருந்த 'சிறந்த பணியாளர்' என்ற வரியை வெட்ட மனம் வராமல், பின்பக்கமாக மடித்துவிட்டுச் சட்டம் போட்டாள்.

அத்தை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டை, பஸ், பாட்டில் வரிசை, ஸ்டூல் எதையும் விடவில்லை. அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அத்தை முடித்த பிறகும் கத்தி கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமையே நீங்க சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பாரா அண்ணி?"

அத்தை நறுக்கிய காயைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

"கேட்டிருக்க மாட்டார்" என்று அம்மாவே சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதா அவரை? சிரிச்சிட்டுப் போயிருப்பார். விடுங்க."

"கேட்டிருப்பான்" என்றாள் அத்தை. "மத்தவங்க சொன்னா கேக்க மாட்டான். நான் சொன்னா கேட்டிருப்பான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கொடுத்த ஆறுதலை அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அத்தை இன்றும் அதே கூடத்துக்குப் போகிறாள். ஐந்தாம் நாளுக்கு முன் யார் வந்து கெஞ்சினாலும் எண் சொல்வதில்லை. அதில் மாற்றம் இல்லை. மூன்றாவது பாட்டிலை மட்டும் அடிப்பதில்லை. ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து வைக்கிறாள். வெளியேதான் வேறு ஆளாகிவிட்டாள். போனில் நான் ஒரு தடவை செருமினால் போதும், "இப்பவே கிளம்பி டாக்டர்கிட்ட போ" என்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். அவள் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தாள். அம்மா அடுப்பில் இருந்ததைக் கரண்டியில் எடுத்து, யாரிடம் நீட்டுகிறோம் என்று யோசிக்காமலே அத்தையிடம் நீட்டிவிட்டாள்.

அத்தை ஊதிக்கூடப் பார்க்கவில்லை. நாக்கில் பட்டதும், "உப்பு கம்மி" என்றாள்.

அம்மா உப்பு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உப்பைப் போட்டுக் கிளறினாள்.